நெல்லுக் காசில் இரட்டைக் கோடு

திருமணமாகிப் பட்டறை வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. வேலையில் இருந்தபோது என்னைத் தேடி வந்தவர்களைவிட இப்போது வருகிறவர்கள் அதிகம். சிங்கப்பூரில் யாரோ ஒருவர், எழுத்து இரட்டையாக விழுந்த பழைய ஒரு காசு நாணயங்களை நல்ல விலைக்கு வாங்குகிறாராம். அதனால் மலாக்காவில் உண்டியல், சுருக்குப் பை, அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஒரு நாணயத்தோடு வந்தார்.

"தங்கச்சி, இது அசல் இரட்டைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கடைக்குப் புதுப் பம்பு வாங்கிருவேன்" என்றார்.

அது இரட்டை அல்ல, நழுவல். அதைச் சொன்னேன்.

"ஒன் கண்ணாடிதான் பழசாப் போச்சு போல" என்று சொல்லி நாணயத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களும் இந்த வித்தியாசத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வித்தியாசத்தை மட்டும் எழுத அரைப் பக்கம் போதும். ஆனால் அந்த அரைப் பக்கத்தை நம்பி ஒரு மனிதரின் உயிர் நின்ற நாளையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அளவுக் கருவிகளோடு வளர்ந்தவள் நான். பள்ளியில் இயந்திர வரைபடமும் கற்றேன். ஜப்பானியர் வந்தபோது பள்ளியை மூடினார்கள்; பிறகு மலாக்கா ரயில் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். படிப்பும் அப்பாவின் வேலையும் அப்படிப் போயின. காஜா பெராங்கில் பித்தளைப் பட்டைகளும் கோயில் பதக்கங்களும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பட்டறையை அவர்கள் எடுத்துக்கொண்டு, அரிசிப் பங்கீட்டுக்கு ஈய வில்லை அடிக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு நெற்கதிர், சுற்றிலும் அவர்களுடைய எழுத்து. ஒரு வில்லையைக் கொடுத்தால் பங்கீட்டுக் கடையில் ஒரு பங்கு அரிசி. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டை யாரும் மதிக்காத காலத்தில் இந்த வில்லையை எல்லோரும் மதித்தார்கள். அதற்கு நெல்லுக் காசு என்று பெயரும் வைத்தார்கள். அடித்த காசைப் பார்த்துப் பிரிக்கும் வேலைக்கு, லென்ஸ் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் சேர்ந்தேன்.

பட்டறையின் மண்டோர், அதாவது மேஸ்திரி, காளிமுத்துப் பிள்ளை. காஜா பெராங்கிலேயே பிறந்த சிட்டி; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். திருநீறு பூசாமல் வேலைக்கு வரமாட்டார். ஆனால் தமிழ் பேச வராது. வீட்டிலும் வெளியிலும் அவர் பேசுவது அவர்களுடைய மலாய்தான். நடுவில் சில தமிழ்ச் சொற்கள் வந்து விழும். நாங்கள் அவரை மாமா என்போம். என்னை அவர் நோனா என்பார், இளம்பெண்ணை அழைக்கும் மலாய்ச் சொல். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். காசின் முகத்தை அடிக்கும் எஃகுக் கட்டைதான் டை. படத்தை மேடாக வெட்டிய ஒரு தாய் அச்சு இருக்கும். உலையில் மென்மையாக்கிய கட்டையின் மேல் அதை வைத்து அழுத்தினால் டை கிடைக்கும். ஓர் அழுத்தில் படம் முழுதாக இறங்காது. கட்டையை மறுபடி உலையில் போட்டு எடுத்து, அதே இடத்தில் இரண்டாம் முறை அழுத்த வேண்டும். அந்த இடம் மயிரிழை தவறினால் டையிலேயே கோடு இரண்டாக விழுந்துவிடும். அந்த டை அடிக்கும் அத்தனை காசிலும் அதே கோடு அதே போல இரண்டாக வரும். இதுதான் அசல் இரட்டை.

நழுவல் வேறு. அதில் டை நல்ல டைதான். பிரஸ்ஸில் அதை இறுக்கிய திருகு தளர்ந்திருந்தால், அடித்து எழும்போது டை துளி அசைந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை மிதித்துவிட்டுப் போகும். பார்வைக்கு இதுவும் இரட்டைக் கோடுதான்.

பிரித்தறிய நான் பார்ப்பவை நான்கு. முதலில், இரண்டாவது கோட்டின் உருவம்: நழுவலில் அது படிக்கட்டு மாதிரித் தட்டையாகத் தாழ்ந்திருக்கும், இரட்டையில் உருண்டு மேடாக நிற்கும். அடுத்து, எழுத்தின் பருமன்: நழுவல் எழுத்திலிருந்தே வெட்டி எடுப்பதால் எழுத்து மெலியும், இரட்டையில் பருக்கும். மூன்றாவது, கோட்டின் முனை. இரட்டையில் அங்கே ஒரு சின்னப் பிளவு இருக்கும், நழுவலில் இருக்காது. கடைசியாக, பக்கத்துக் காசு. நழுவல் காசுக்குக் காசு மாறும். இரட்டை மாறாது.

இந்த நான்கையும் மாமா யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நான் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டது இது. அவரிடம் இருந்தது ஒரு முறை. சந்தேகமான காசை வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும்படி பிடித்து, மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். பார்த்ததைச் சொல்லமாட்டார். காசைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவார். "தெங்கோக் டுலு" என்பார். முதலில் பார் என்று அர்த்தம். இரண்டாமவர் பார்த்து முடிக்கும்வரை மாமாவின் முகத்தில் ஒன்றும் இருக்காது. அவசரப்பட்டு, "மாமா, இது நழுவல்தானே?" என்று கேட்டுவிட்டால் போச்சு. காசை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, போய் முகம் கழுவிவிட்டு வரச் சொல்வார். இரண்டு பேரும் தனித்தனியாக ஒன்றையே கண்டால்தான் அது முடிவு. காசைத் தேய்க்கவும் விடமாட்டார். அழுக்கைத் துடைக்கப்போய் முனைப் பிளவையும் துடைத்துவிடுவோம் என்பார்.

நான் சேர்ந்து கொஞ்ச காலத்தில், செங் என்ற ஊர்ப் பக்கத்துக் கடையிலிருந்து திரும்பி வந்த ஒரு மூட்டையில் ஐந்து காசுகள் எனக்கு வினோதமாகத் தெரிந்தன. ஐந்திலும் ஒரே எழுத்தின் ஒரே கோட்டில் ஒரே அளவுப் படிக்கட்டு. தட்டை, மெலிவு, பிளவு இல்லை, சந்தேகமில்லாமல் நழுவல். ஆனால் பிரஸ் ஒரே தவறை ஐந்து முறை அச்சு அசலாகச் செய்யாது. மாமாவும் தனியாகப் பார்த்து அதையே சொன்னார். நழுவல் விழுந்த எங்கள் காசு ஒன்றைக் களிமண்ணில் பதித்து, அதில் ஈயத்தை ஊற்றி யாரோ வார்த்திருக்கிறார்கள். கள்ளக் காசு.

பங்கீட்டு அலுவலகத்தின் ஜப்பானிய அதிகாரியிடம் மாமா மூன்று வாக்கியத்தில் அதை விளக்கினார். இரட்டைக் கோட்டில் இரண்டு வகை உண்டு. டையிலிருந்து வரும் இரட்டை எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இருக்கும், அது நல்ல காசு. நழுவல் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் அது வார்த்த காசு. மொழிபெயர்ப்பாளர் ராசையா புக்கிட் பாரு ஊர்க்காரர். சில மாத வகுப்பில் ஜப்பானிய மொழி கற்றவர். மூன்று வாக்கியமும் அவர் வாயில் ஒன்றாகிப்போயின. கடைகளுக்குப் போன உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: ஒரே மாதிரி இரட்டைக் கோடு உள்ள காசுகளை யார் கொண்டுவந்தாலும் பிடித்து வை.

கள்ளக் காசு அடித்தவர்களை என்ன செய்வார்கள் என்று அப்போது யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பாலத்தடியில் வெட்டி வைத்த தலைகளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அந்த உத்தரவில் மாட்டியவர் முனியாண்டி. கிளேபாங் கரையில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுப்பவர். கடையில் நீட்டிய நான்கு காசிலும் ஒரே இடத்தில் இரட்டைக் கோடு இருந்தது. காலையில் பிடித்தார்கள். மத்தியானத்துக்குள் அவருடைய மனைவி அஞ்சலை கிளேபாங்கிலிருந்து நடந்தே எங்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரி நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டு ஆளுக்கு உப்புச் சட்டியத் தூக்கத்தான் தெரியும். காசு செய்யத் தெரிஞ்சா நாங்க ஏன் மரவள்ளியத் தின்னுக்கிட்டுக் கெடக்கோம்? அந்தக் காச அடிச்சது நீங்கதானே? நீங்க அடிச்ச காசுக்கு அவரு அடி வாங்கணுமா?"

அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சிறிது நேரத்தில் அலுவலகத்திலிருந்து அந்த நான்கு காசும் வந்தன, ராசையாவோடு. முடிவு சொல்ல வேண்டியது நாங்கள். நழுவல் என்றால் முனியாண்டி முடிந்தார். இரட்டை என்றால் அவர் வீட்டுக்குப் போகலாம்.

காசுகளின் நிலை மோசம். உப்பு ஈரத்தில் ஊறிய மடியில் கிடந்து, முகம் முழுக்கப் பொரிந்திருந்தன. வார்த்த காசின் மேலும் அப்படித்தான் புள்ளி புள்ளியாக இருக்கும். மாமா தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, ஊறவிட்டு, அழுத்தாமல் எடுத்தார். பிறகு ஜன்னலுக்குப் போனார். அவர் பார்த்து முடித்துக் கவிழ்த்து வைக்கும்வரை அஞ்சலை அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவருடைய முகத்திலிருந்து ஏதாவது கிடைக்காதா என்றிருந்தது. கிடைக்கவில்லை.

நான் பார்த்தேன். முதல் காசில் கோடு இருந்த இடமே பொரிந்து போயிருந்தது. இரண்டாவதில் உருண்டை மாதிரித் தெரிந்தது. ஆனால் நான் அதைத்தான் பார்க்க விரும்பினேன் என்பதால் என் கண்ணை நம்பவில்லை. மூன்றாவதைச் சுற்றும்போது, எழுத்தின் கீழ்க் கோட்டு முனையில் நிழல் இரண்டாகப் பிரிந்தது. பிளவு. நான்காவதிலும் அதே முனை, அதே பிளவு. எழுத்து பருத்திருந்தது. நான்கையும் இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்துவிட்டு, "இரட்டை" என்றேன்.

"எனக்கும்" என்றார் மாமா. காசுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து, "என் டை" என்றார்.

அப்போதுதான் எனக்கு மீதி விளங்கியது. பட்டறையில் டை இறக்குவது அவர் ஒருவர்தான். சில வாரங்களுக்கு முன் அதிகாரி எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி, காசைப் பார்த்துப் பிரிக்கும் வேலையையே ஒரு வாரம் நிறுத்திவைத்திருந்தார். தாய் அச்சை இடம் பார்த்து உட்காரவைக்கும் ஆணி தேய்ந்திருந்தது; மாற்ற எஃகு இல்லை. அந்த வாரம் இறக்கிய டை ஒன்று தவறியிருக்கிறது. தேய்ந்த டையின் முகத்தை அரைத்துவிடுவது எங்கள் வழக்கம் என்பதால் அதைக் காட்டவும் வழியில்லை. ராணுவ வேலையில் கெட்ட டை செய்தேன் என்று சொல்வதற்கு அன்று ஒரே அர்த்தம்தான்: நாசவேலை.

ராசையாவும் அதைப் புரிந்துகொண்டார். தாழ்ந்த குரலில், "பிள்ளை, யோசிச்சுக்குங்க. அங்க வந்து சொல்லிட்டா நான் அதை வேற மாதிரி மாத்த முடியாது" என்றார். நழுவல் என்று சொல்லச் சொன்னாரா, தெரியவில்லை என்று சொல்லச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான் பார்த்துவிட்டேன், ராசையா. நோனாவும் பார்த்துவிட்டாள். ஆனால் இந்தத் தடவை நான் மூன்று வாக்கியம் சொன்னால் நீ மூன்றையும் சொல்."

அலுவலகத்துக்கு நானும் போனேன். லென்ஸை என் கையில் கொடுத்திருந்தார். அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். மாமா குனிந்து வணங்கி, நிமிர்ந்து, சொன்னார். இந்த நான்கும் பட்டறையில் அடித்த காசுகள். இரட்டைக் கோட்டுக்குக் காரணம் நான் தவறாக இறக்கிய டை. அதே டை அடித்த காசுகள் இந்த அலுவலகத்தின் சேமிப்பிலேயே இருக்கும். ராசையா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, வியர்த்து, மூன்றையும் சொன்னார். பார்வையிடுவதை நிறுத்தியது அதிகாரியின் உத்தரவு என்று மாமா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதிகாரி காசைப் பார்க்க மேசையிலிருந்து எழுந்தே இருக்கமாட்டார் என்று பிறகு ராசையா சொன்னார்.

அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. பட்டறையிலிருந்து போகும் காசு மூட்டைகளுக்கு அலுவலகமே அரக்கு முத்திரை வைத்து அறையில் அடுக்கிவிடும். விநியோகத்துக்குப் போகும்வரை யார் கையும் படாது. முத்திரை உடையாத மூட்டைக்குள் அதே இரட்டை இருந்தால், அதைக் கள்ளன் போட்டிருக்க முடியாது. மூட்டைகள் வந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்ததால், அந்த வாரத்துக் காசு எங்கே இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடிந்தது. அடிவரிசையில் இரண்டு மூட்டைகளைக் காட்டினேன்.

முதல் மூட்டையைப் பாயில் கொட்டினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்ல காசுகள், சில நழுவல்கள். நான் தேடியது இல்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மாமா என்னை அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் வந்து பார்க்கவும் இல்லை. இரண்டாவது மூட்டையைக் கொட்டிய கொஞ்ச நேரத்தில் கையில் ஒன்று வந்தது. அதே எழுத்து, அதே முனை. புதுக் காசு என்பதால் பிளவு கத்தியால் கீறியது மாதிரித் தெளிவாக இருந்தது. அதன் பிறகு அடுத்தடுத்து வந்தன.

கிடைத்ததைக் காட்ட நான் வாயைத் திறந்தேன். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். புதுக் காசு ஒன்றையும் முனியாண்டியின் காசு ஒன்றையும் எடுத்து, எந்த எழுத்து என்று சொல்லாமல், அதிகாரியின் முன்னால் லென்ஸோடு வைத்தார். ஜன்னலைக் காட்டினார். "என்ன தெரிகிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

ராசையா அதைச் சொல்லத் தயங்கினார். ஓர் அதிகாரியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் சொன்னார். அந்த மனிதரும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதலில் காசை நேராகப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு தானாகவே சாய்த்தார், சுற்றினார். வெகுநேரம் பார்த்தார். மேசைக்குத் திரும்பி ஒரு தாளில் அந்த எழுத்தை எழுதி, கீழ்க் கோட்டின் முனையில் சின்னதாக ஒரு கவை வரைந்தார். நான் கண்ட அதே இடம்தான். ராசையாவிடம் ஒரு சொல் சொன்னார்.

"ஒரே டையாம்" என்றார் ராசையா.

அடுத்ததாக அதிகாரி மேசையைச் சுற்றி வந்து மாமாவைக் கன்னத்தில் அறைந்தார். இரண்டாம் முறையும் அறைந்தார். மாமா தலையிலிருந்து விழுந்த தொப்பியை எடுத்துக்கொண்டு, மறுபடி குனிந்து வணங்கினார். அன்றிலிருந்து அவர் டை இறக்கக் கூடாது, உலைக்குக் கரி அள்ள வேண்டும், கூலி பாதி என்று உத்தரவானது. அதைவிட மோசமானதற்குத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கிளம்பும் முன் வீட்டுச் சாவியை அஞ்சலையிடம் கொடுத்து, கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் சேர்க்கச் சொல்லியிருந்தார். போர் முடியும்வரை கரிதான் அள்ளினார். டை இறக்குகிறவர்கள் அவரிடம் வந்து கேட்டால், கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. நான் வேலை செய்த வருடங்களில் அவரைவிடத் திறமையான கைகளைப் பார்த்திருக்கிறேன். அவரைப் போலப் பார்க்கத் தெரிந்தவரைப் பார்க்கவில்லை.

முனியாண்டியைப் பின்கட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நடக்க முடிந்தது. போகலாம் என்று ராசையா சொன்னதும் அவர் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, எங்காசு?"

"யோவ், உயிரு திரும்பிருக்கு. காசு கேக்கிறியா? ஓடு" என்று ராசையா பல்லைக் கடித்தார்.

"நாலு பங்கு அரிசிங்க. வீட்டுல ஒண்ணும் இல்ல" என்றார் முனியாண்டி. அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அதிகாரி என்னவென்று கேட்டார். ராசையா வேறு வழியில்லாமல் சொன்னார். மேசைமேல் இருந்த நான்கு பொரிந்த காசுகளையும் அதிகாரி இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, பாயில் கிடந்த குவியலைக் கையால் காட்டினார். நான் குனிந்து நான்கு நல்ல காசுகளை எடுத்து முனியாண்டியின் கையில் வைத்தேன்.

அவர் அவற்றை மடியில் கட்டவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய், முதல் காசைத் திறந்திருந்த கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கும்போது காசு கை தவறிக் கீழே விழுந்தது. பொறுக்கியெடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார். காவலுக்கு நின்றவன் போகச் சொல்லி அதட்டினான். அவர் நகரவில்லை. எந்தக் கோடும் எங்கேயும் இரண்டாக இல்லை என்று தெரிந்துகொள்ளும்வரை, மாமாவும் நானும் வாசலில் காத்திருந்தோம்.